பச்சை குத்தலும் முத்திரை குத்தலும்



இலக்கணமும் எழுத்தும் ஒலிப்பும் பற்றிக் கேட்டுப் பழகிய இந்த அவையில், பச்சை குத்துதல் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். மொழியியலாருக்கு இதில் என்ன வேலை என்ற வினா எழுவதும் இயல்பே. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, பச்சை குத்துதலும் ஒருவகை எழுத்தே. தாளுக்குப் பதில் தோலில் எழுதப்படுகிறது. எழுதப்பட்டது எதுவாயினும் அதனை எவ்வாறு வாசிப்பது என்பது மொழி கற்பிப்போர் எண்ண வேண்டிய பொருளாகும். இரண்டாவது, நம் ஜொகூர் மாநிலத்துத் தமிழ் இளைஞர் பலர், கையிலுள்ள ஒரு குறியின் காரணமாகவே பள்ளியிலும் வேலையிடத்திலும் மணப்பேச்சிலும் மதிப்பிடப்படுகின்றனர். அம்மதிப்பீடு சரியா, தவறா, எந்த அளவிற்குச் சரி என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வதே இன்றைய நோக்கம்.

சொல்லும் அதன் சுற்றமும்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். குத்துக்குக் கரிய மைதான் பயன்படுகிறது. ஆயினும் நாம் அதனைக் 'கறுப்பு குத்துதல்' என்று கூறுவதில்லை, 'பச்சை குத்துதல்' என்கிறோம். காரணம் எளியது. கரித்துகள் தோலின் மேலடுக்கில் தங்காது, அதற்குக் கீழுள்ள அடுக்கில் தங்குகிறது. மேலடுக்கு உதிர்ந்து புதிதாக வளரும். கீழடுக்கில் தங்கிய துகள் அகலாது. தோலின் ஊடாகப் பார்க்கும்போது ஒளிச் சிதறலால் அக்கருமை நீலம் கலந்த பச்சையாகத் தெரிகிறது. ஆகவே நம் முன்னோர் மையின் நிறத்தை விடுத்து, கண்ணில் படும் நிறத்தையே பெயராக வைத்தனர்.

அடுத்து, 'குத்து' என்னும் வினையின் சுற்றத்தைப் பாருங்கள். காது குத்துகிறோம், மூக்குக் குத்துகிறோம், தைப்பூசத்தில் அலகு குத்துகிறோம். இவை மூன்றும் உடலை ஊசியாலோ வேலாலோ துளைக்கும் செயல்களே. காது குத்துக்குத் தாய்மாமன் மடியும் விருந்தும் உண்டு. அலகு குத்தியவரை வழிவிட்டு வணங்குகிறோம். பச்சை குத்தியவரைக் கண்டால் மட்டும் சற்று விலகி நிற்கிறோம். எனவே உடலைத் துளைப்பது நம் பண்பாட்டுக்கு அயலானது என்ற வாதம் நிற்காது. விலகலுக்கான காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

மலாய் மொழியில் இதற்குச் 'சாச்சா' என்னும் பழஞ்சொல் உண்டு. இன்று பெருவழக்கில் உள்ளது 'தாத்து'. இச்சொல்லின் பயணம் சுவையானது. 1769ஆம் ஆண்டில் கேப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவை அடைந்தபோது, அங்கு வழங்கிய 'தாதாவ்' என்னும் சொல் ஆங்கிலேயர் காதில் விழுந்தது. அது ஆங்கிலத்தில் 'டாட்டூ' ஆயிற்று. ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு வந்து சேர்ந்தது. தாகித்தி மொழியும் மலாயும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவுக்காரர் வீட்டுச் சொல் உலகைச் சுற்றி அயலாராக வந்து நிற்கிறது. இன்று நம் இளைஞரும் 'டாட்டூ' என்றே கூறுகின்றனர். 'பச்சை' பாட்டி காலத்தது, 'டாட்டூ' நாகரிகமானது என்றொரு வேறுபாடும் உருவாகியுள்ளது. செயல் ஒன்றாயினும் மதிப்பு சொல்லுக்கேற்ப மாறுகிறது.

இவ்விடத்தில் ஒரு தெளிவு தேவை. சங்க இலக்கியத்தில் வரும் 'தொய்யில்' பச்சை குத்துதலே என்று சிலர் எழுதுகின்றனர். தொய்யில் என்பது மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றால் வரையப்பட்ட ஓவியம். அது அழியக்கூடியது. ஊசியால் குத்துவதும் நிலைத்திருப்பதும் பச்சையின் இயல்புகள். பழமை காட்ட வேண்டும் என்னும் ஆர்வத்தில் இரண்டையும் ஒன்றாக்குதல் முறையன்று.

'கொள்' என்னும் துணைவினை

தமிழ் இலக்கணம் நமக்கு அரியதொரு கருவியைத் தந்துள்ளது. 'அவள் பச்சை குத்தினாள்' என்றால், பிறருக்குக் குத்தியவள் என்று பொருள். 'குத்திக்கொண்டாள்' என்றால், தன் விருப்பத்தால் தனக்கு என்று பொருள். 'அவளுக்குப் பச்சை குத்திவிட்டார்கள்' என்றால் முடிவு பிறருடையது. ஒரு துணைவினையில் விருப்பமும் வற்புறுத்தலும் பிரிந்துவிடுகின்றன. ஆனால் 'பச்சை குத்தியவன்' என்று பெயராக்கியவுடன் இவ்வேறுபாடு மறைகிறது. குத்தியவர், குத்திக்கொண்டவர், குத்தப்பட்டவர் ஆகிய மூவரும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றனர். மதிப்பீட்டில் நேரும் பிழைகளுள் பல இவ்விடத்திலேயே தொடங்குகின்றன. ஆகவே குறியைக் கண்டவுடன் 'குத்திக்கொண்டதா, குத்தப்பட்டதா?' என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். வரலாற்றில் இவ்விரண்டுக்கும் சான்றுகள் உள்ளன.

பாட்டிமார் கையில் இருந்தது

மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த மகளிர் பலரின் முன்கையில் பச்சைக் கோலம் இருந்தது. நெற்றியிலும் மோவாயிலும் ஒரு புள்ளி இருந்ததுண்டு. குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் இதனை நினைவுகூர்வர். கோலம், தேள், தெய்வச் சின்னம், பெயர் என அவை பலவகைப்பட்டன. இறந்தபின் நகையும் புடவையும் உடன் வாரா, பச்சை மட்டுமே உடன் வரும் என்பது அவர்களின் நம்பிக்கை.

பெயர் குத்திக்கொள்ளும் வழக்கத்தில் மொழியியல் நோக்கில் ஒரு நுட்பம் உண்டு. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லலாகாது என்ற விலக்கு நம் சமூகத்தில் வலுவாக இருந்தது. அவ்வாறு சொல்லாத பெயரையே சிலர் கையில் எழுதிக்கொண்டனர். பேச்சுக்கு இருந்த தடை எழுத்துக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் உடலில் எழுத்து இருந்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றைக் குத்தியவர் பெரும்பாலும் குறவர் குலப் பெண்கள். எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்னும் நூலில் அவர்கள் மை செய்யும் முறை பதிவாகியுள்ளது. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே புதுப்பானையைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். இது கைமுறையாகக் கற்று, கைமுறையாகவே அடுத்த தலைமுறைக்குத் தரப்பட்ட தொழிலறிவு.

அத்தொழிலறிவு உடையோருக்கு அரசு என்ன செய்தது? குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியப் பகுதிகளில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்தையும் எட்டியது. குறவர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். பிறந்த குலமே குற்றமாயிற்று. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. பிறர் கையில் பூவும் கோலமும் எழுதியவர்மீது அரசு தன் ஏட்டில் 'குற்றவாளி' என்று எழுதியது. இதைத்தான் நாம் 'முத்திரை குத்துதல்' என்கிறோம். பச்சையைத் தானே குத்திக்கொள்ளலாம். முத்திரையைப் பெரும்பாலும் பிறரே குத்துவர்.

அரசு எழுதிய தலையெழுத்து

உடலில் கட்டாயமாக இடப்பட்ட குறிகளும் உண்டு. கோயிலுக்கு உரிமையாக்கப்பட்ட பெண்களுக்குச் சூலக்குறி இட்ட செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1797ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குவிதியின்படி, ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் தண்டனை நாளையும் பச்சை குத்தினர். வட இந்தியாவில் பச்சை குத்துதலைக் குறிக்கும் 'கோத்னா' என்ற சொல்லே இத்தண்டனைக்கும் பெயராயிற்று. அழகுக்கும் மங்கலத்திற்கும் உரிய சொல் தண்டனைச் சொல்லாயிற்று.

இவ்வரலாறு நம் தீபகற்பத்திற்குத் தொலைவில் இல்லை. இந்தியக் கைதிகள் பினாங்குக்கும் மலாக்காவுக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டனர். சாலைகளையும் பாலங்களையும் கட்டியவர்கள் அவர்கள். 1861இல் நிறைவுற்ற சிங்கப்பூர்ப் புனித ஆண்ட்ரூ பேராலயம் அவர்களின் உழைப்பால் எழுந்தது. அவர்களுள் சிலரின் நெற்றியில் அவ்வெழுத்து இருந்தது. தலைப்பாகையை இறக்கிக் கட்டியும் முடியை முன்னே இழுத்தும் அதனை மறைக்க முயன்றனர். 1849இல் இத்தண்டனை ஒழிக்கப்பட்டது. விதியைத் 'தலையெழுத்து' என்று தமிழர் உருவகமாகக் கூறுவர். அம்மனிதர்களுக்கு அது உருவகமன்று. ஊசி பிடித்த அலுவலர் உண்மையாகவே எழுதிய எழுத்து அது.

பச்சை குத்தியவர் குற்றவாளி என்னும் எண்ணத்திற்கு இத்தகைய ஆட்சிமுறைகளும் ஒரு வேர் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்றைய கருத்துகள்

இனி இக்காலத்திற்கு வருவோம். நம் நாட்டில் பச்சை குறித்து ஒரே கருத்து இல்லை. இருக்கவும் இயலாது. இசுலாம் நிலையான பச்சையை விலக்குகிறது. அந்நம்பிக்கை உடையோருக்கு அது விவாதத்திற்குரிய பொருளன்று. உடலும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சிதைத்தல் பிள்ளைக்கு அழகன்று என்பது கன்பூசியச் சிந்தனை. நம் தாய்மாரும் ஏறத்தாழ இதையே வேறு சொற்களில் கூறுகின்றனர். சரவாக்கின் ஈபான் மக்களிடையே பச்சை மரபுரிமை. ஊரைவிட்டு உலகம் காணப் புறப்படும் இளைஞனின் தோளில் கத்தரிப்பூ வடிவம் குத்தப்படும். அதுவே அவன் வளர்ந்துவிட்டான் என்பதற்குச் சான்று. ஒரே கொடியின்கீழ் வாழும் மக்களுள் ஒருவருக்கு விலக்காக இருப்பது மற்றொருவருக்குப் பெருமையாக இருக்கிறது.

கோலாலம்பூரில் 2019 நவம்பர் இறுதியில் பச்சைக் கலைக் கண்காட்சி ஒன்று நடைபெற்றபோது இவ்வேறுபாடு வெளிப்பட்டது. அரைகுறை ஆடையுடன் எடுக்கப்பட்ட படங்கள் பரவியதும், அனுமதி வழங்கிய அமைச்சே கண்டனம் தெரிவித்தது. கலை என்றனர் ஒரு சாரார், பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றனர் மறுசாரார். சினம் எழுந்தது ஆடை குறித்து, ஆனால் பழி சேர்ந்தது பச்சைக்கு. இரண்டையும் பிரித்துப் பேசியோர் சிலரே.

தமிழகத்தில் பச்சை அரசியலிலும் புகுந்தது. 2016 பிப்ரவரியில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் 68ஆம் பிறந்தநாளையொட்டி, கட்சியினர் பலர் அவருடைய உருவத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டனர். அவ்வேளையில் ஒரு சிறுமி வலியால் அழும் காட்சி வெளியாகி, கடும் எதிர்ப்பை எழுப்பியது. பெரியவர்கள் குத்திக்கொண்டார்கள், சிறுமிக்குக் குத்திவிட்டார்கள். 'கொள்' என்னும் துணைவினையின் அருமை இங்கே விளங்கும்.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை, பச்சையைக் கண்டு அஞ்சுவதற்கு அண்மைக்காலக் காரணம் ஒன்றுண்டு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் குழுக்களின் பட்டியலை வெளியிட்டது. 04, 08, 36 போன்ற எண்களால் அறியப்படும் குழுக்கள் அதில் இருந்தன. உறுப்பினருள் பெரும்பகுதியினர் இந்தியர் என்றும் கூறப்பட்டது. குண்டர் கும்பலின் அடையாளமாகச் சில குறிகள் பயன்படுவது உண்மை. அவற்றால் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. எனவே அஞ்சும் தாயைப் பழமைவாதி என்று நகைப்பது அறமாகாது. அதே வேளை, பட்டியலில் இருப்பவை குழுக்களின் பெயர்களும் எண்களுமே. கையில் முருகன் வேலையோ தாயின் பெயரையோ புலியையோ எழுதிக்கொண்ட ஒவ்வோர் இளைஞனும் அப்பட்டியலில் இல்லை.

தவறாக வாசிக்கப்பட்டவர்கள்

குறியைத் தவறாக வாசித்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சுட்டுவோம்.

2014 ஏப்ரலில், மேற்கையில் தாமரைமேல் அமர்ந்த புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் இலங்கை விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். புத்தரை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அவரோ புத்த நெறியில் ஈடுபாடுடையவர். பக்தி அவமதிப்பாக வாசிக்கப்பட்டது. 2017இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று கூறி, இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

மற்றொன்று 2013 செப்டம்பரில் சப்பானின் ஹொக்கைடோ தீவில் நிகழ்ந்தது. பழங்குடி மொழி தொடர்பான கூட்டத்திற்காக நியூசிலாந்திலிருந்து வந்திருந்த மாவோரி மூதாட்டி ஒருவர், மோவாயில் மரபுப் பச்சை இருந்ததால் வெந்நீர்க் குளியலிடத்தில் அனுமதிக்கப்படவில்லை. குற்றக் கும்பலுக்கு எதிரான விதி என்று காரணம் கூறப்பட்டது. அத்தீவின் தொல்குடியினரான ஐனு மகளிரும் ஒருகாலத்தில் வாயைச் சுற்றிப் பச்சை குத்திக்கொண்டவர்களே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி அரசு அதனைத் தடைசெய்தது. அதே அரசின் காலத்தில்தான் ஐனு மொழியும் நலியத் தொடங்கியது. ஒரு மக்களின் குறியை இழிவென்று கற்பித்த கையே அவர்களின் மொழியையும் இழிவென்று கற்பித்தது.

மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. ஏர் நியூசிலாந்து நிறுவனம் 2019 செப்டம்பர் முதல் வெளியில் தெரியும் பச்சையுடன் பணிபுரிய ஊழியருக்கு இசைவளித்தது. 2020இல் மோவாய்ப் பச்சை உடைய நனையா மஹூத்தா அந்நாட்டின் வெளியுறவு அமைச்சரானார். இந்திய இராணுவம் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டுமே பச்சையை ஏற்கிறது. பழங்குடியினரின் மரபுக்கு விலக்களிக்கிறது. விதி வேண்டும், ஆனால் அது வேறுபாடறிந்த விதியாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வகுப்பறைக்கு வருவோம்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஆசிரியர்கள் எதனைக் கொள்ளலாம்? மூன்று வினாக்களை முன்வைக்கிறோம். இது குத்திக்கொண்டதா, குத்தப்பட்டதா? இது எந்த மரபைச் சேர்ந்தது அல்லது எந்தக் குழுவைச் சுட்டுகிறது? இதற்கும் இவரிடம் நாம் இப்போது எதிர்பார்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டா? மூன்றாவது வினாவே முதன்மையானது. கை முழுவதும் பச்சை குத்திய தந்தை ஒருவர் தம் மகளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்க வருகிறார் என்று கொள்வோம். அவரிடம் பேசும்போது நம் குரலில் ஏறும் கடுமையை அக்குழந்தை கவனிக்கிறது. வேறு பள்ளிகள் இருக்க, தமிழ்ப்பள்ளியைத் தேடி வந்தவர் அவர். அவருடைய கைக்கும் குழந்தையின் கல்விக்கும் தொடர்பில்லை. நம் குரலுக்கும் அக்கல்விக்கும் தொடர்பு உண்டு.

ஒரு மாணவனின் கையில் புதிதாகக் குறி தோன்றினால் வினவுவது ஆசிரியரின் கடமை. பள்ளி ஒழுங்கு அதனை ஏற்பதில்லை, குழுச் சேர்க்கையின் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும். ஆனால் வினவுதல் வேறு, முத்திரை குத்துதல் வேறு. 'இதை எங்கே குத்தினாய், யார் குத்தினார், ஏன்?' என்பது வினா. 'நீ இப்படித்தான் போவாய் என்று எனக்கு முன்பே தெரியும்' என்பது முத்திரை. முதலாவது மாணவனைப் பேச வைக்கும். இரண்டாவது அவனை ஏற்றுக்கொள்ளக் காத்திருக்கும் கும்பலிடம் அனுப்பிவைக்கும். வகுப்பில் இடமில்லை என்று உணர்ந்த பிள்ளைக்குத் தெருமுனையில் இடம் கொடுக்க ஆட்கள் உள்ளனர் என்பதை நாம் அறிவோம்.

மாணவர்களுக்கும் சிலவற்றைக் கூற வேண்டும். பதினாறு வயதில் பிடித்தது நாற்பதில் பிடிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. லேசர் கொண்டு நீக்குவதற்குப் பல அமர்வுகள் தேவை. வலியும் செலவும் மிகுதி, முழுமையாக நீங்கும் என்றும் கூற இயலாது. தூய்மையற்ற ஊசியால் கல்லீரல் அழற்சி முதலிய தொற்றுகள் பரவும். புதிதாகக் குத்திக்கொண்டவர் குறிப்பிட்ட காலம் வரை இரத்த தானம் செய்ய இயலாது. கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலை தேடிச் செல்லும் நாளில், நேர்காணல் நடத்துபவர் உங்கள் மனத்தைப் பார்க்குமுன் கையைப் பார்க்கக்கூடும். அது அநீதியாக இருக்கலாம், ஆயினும் உண்மை. உரிய வயது வந்தபின், அனைத்தையும் எண்ணிப் பார்த்தபின் எடுக்கும் முடிவு உங்களுடையது.

அவ்வாறு முடிவு செய்வோர் தமிழ் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால், மொழி ஆசிரியர் என்னும் முறையில் ஒரு வேண்டுகோள். தமிழ் அறியாத கலைஞர் கணினியிலிருந்து எழுத்துருவை எடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுவதுண்டு. எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்பு பின்னே போய்விடும். ஒற்றெழுத்தின் புள்ளி காணாமற்போகும். தாளில் உள்ள பிழையைத் திருத்திவிடலாம். தோலில் உள்ள பிழையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே தமிழாசிரியர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செல்லுங்கள். அவர் முதலில் கடிந்துகொள்ளலாம், ஆனால் பிழையைத் திருத்தாமல் அனுப்பமாட்டார்.

அவையோரே, பச்சை நல்லதா தீயதா என்பதில் நாம் அனைவரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை. சமயத்தாலும் மரபாலும் வயதாலும் கருத்து வேறுபடும். வேறுபடுவதில் குறையொன்றுமில்லை. 'எனக்குப் பிடிக்காது' என்று கூறும் உரிமை அனைவருக்கும் உண்டு. 'எனக்குப் பிடிக்காது' என்பதிலிருந்து 'இவன் தீயவன்' என்பதற்குத் தாவும்போதுதான் தவறு நேர்கிறது. முதல் தொடர் சொல்பவரைப் பற்றியது, இரண்டாவது பிறரைப் பற்றியது. முதலாவதற்குச் சான்று தேவையில்லை, இரண்டாவதற்குச் சான்று வேண்டும். எது கருத்து, எது தீர்ப்பு என்று பிரித்தறியும் பயிற்சியைத் தமிழ்ப் பாடம் மாணவர்க்கு அளிக்க முடியும். கட்டுரைப் பாடத்திலும் வாதப் பயிற்சியிலும் நாம் செய்வதும் அதுவே. அதனை வகுப்புக்கு வெளியிலும், பள்ளி அலுவலகத்திலும் திருமண வீட்டிலும் கைக்கொள்வோமாக.